சிவப்பு என்றால் திறக்கலாம்

எண்களுக்கு நிறமூட்டி, நிறங்களுக்குப் பொருளூட்டி, அந்தப் பொருளுக்குப் பெருமையும் ஊட்டிவரும் இந்தப் பேரவையின் தலைவர் அவர்களே. மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் நடுவர் பெருமக்களே. ஆண்டின் சிறந்த தரவுப் பலகைக்கான விருதை இன்னும் சற்று நேரத்தில் பெறவிருக்கும் இளைஞரே. அவரைப் பெற்றெடுத்து முன்வரிசையில் பூரித்து அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே. எங்கள் ஆலையின் மேலாளர் அவர்களே. வயதால் மூத்த சான்றோர்களே, வாய்ப்பால் மூத்த வல்லுநர்களே. இவர்கள் எல்லாருக்கும் பின்னால், தேநீர் மேசையின் அருகே, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே. உங்களைக் கடைசியில் விளிப்பது மேடை மரபு. அந்த மரபை நான் மீறவில்லை. மீறுவதற்கு இன்று வேறொன்று வைத்திருக்கிறேன். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைவர் அவர்களின் வலப்பக்கம் ஒரு பித்தளை மணி இருக்கிறது. நான்காவது நிமிடத்தில் ஒருமுறையும் ஐந்தாவது நிமிடத்தில் இருமுறையும் அடிப்பாராம். அடிக்கட்டும். நீராவியின் சீற்றத்துக்கு நடுவே பத்தொன்பது ஆண்டுகள் பேசிப் பழகிய தொண்டை இது. தக்காளிக் கூழ் செய்யும் ஆலையில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். அங்கே யாரும் என் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை; 'மைக்கு' என்பார்கள். ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு உரையா, மைக்கைக் கூப்பிடு. மேலாளருக்குப் பேத்தி பிறந்திருக்கிறதா, மைக்கைக் கூப்பிடு. இந்த விழாவுக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் ஆலைச் சுவரில் மாட்டிய மின்திரைப் பலகைக்குத்தான் இன்று விருது. அதை நான் நாலு வார்த்தை பாராட்டிவிட்டு, பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பூங்கொத்து இதோ கையில் இருக்கிறது. பாராட்டைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அழைப்பிதழைப் பார்த்தேன். வழவழப்பான தாள். அந்தப் பலகையைப் பற்றி அதில் ஒரு வரி: "மொழி கடந்த, பண்பாடு கடந்த, உலகப் பொதுக் காட்சிமொழி." மொழியைக் கடந்தீர்கள், சரி. பண்பாட்டைக் கடந்தீர்கள், அதுவும் இருக்கட்டும். வழியில் நின்ற மனிதரையும் சேர்த்துக் கடந்துவிட்டீர்களே, அதற்கு என்ன விருது? உலகப் பொது என்கிறீர்கள். எது ஐயா உலகம்? உங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியா? அங்கே பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கும் புரிந்துவிட்டால், பூமிப்பந்துக்கே புரிந்துவிட்டது என்று பொருளா? கிணற்றுத் தவளைக்காவது தன்னைச் சுற்றிச் சுவர் இருப்பது தெரியும். உங்களுக்கு வாய்த்தது கண்ணாடிச் சுவர்.

சிரிக்கிறீர்கள். நன்றி. இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு இடம் இருக்காது.

உங்கள் கலை எங்கள் ஆலைக்குள் முதலில் நுழைந்தது வருகைப் பதிவாக. உணவுக்கூடத்துச் சுவரில் ஆளுயர வரைபடம். ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு மனித உருவம். வேலைக்கு வந்தவர் கருநீலம், வராதவர் சாம்பல். அந்த உருவத்துக்கு முழுக்காற்சட்டை, கழுத்துப்பட்டை, கையில் ஒரு பெட்டி. எங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். அவர்களில் நூற்று இருபத்தெட்டுப் பேர் பெண்கள். என் மனைவி அங்கே தரம் பிரிக்கும் பகுதியில் இருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டோடு அந்தச் சுவரின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

"இந்த ஆம்பளைங்கல்லாம் எந்த ஷிப்டு? ஒருத்தரையும் நான் பாத்ததே இல்லையே."

"அது நீதான். மூணாவது வரிசையில ஏழாவது ஆள்."

"நானா? பெட்டியத் தூக்கிட்டு எங்க போறேன்?"

உணவுக்கூடமே சிரித்தது. சிரித்ததோடு விட்டுவிட்டோம், அதுதான் எங்கள் பிழை. ஒருவருடைய உருவத்தையே கேட்காமல் வரைகிறவர்கள், அவருடைய உயிரைக் காக்கும் குறியையும் கேட்காமல்தான் வரைவார்கள் என்று அன்றைக்கே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்தச் சபையில் யாராவது தக்காளி ஆலைக்குள் வந்திருக்கிறீர்களா? கை தூக்குங்கள். ஒரே ஒரு கை. ஐயா, நீங்கள் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர், எனக்குத் தெரியும், கையை இறக்குங்கள்.

சொல்கிறேன், கேளுங்கள். வாசலில் வண்டி வந்து நிற்கும். கூடை கூடையாகத் தக்காளி இறங்கும். சிவந்தது உள்ளே போகும். பச்சையாக இருப்பது மூலையில் காத்துக் கிடக்கும். சிவப்பு என்றால் ஆயிற்று, எடு. பச்சை என்றால் ஆகவில்லை, தொடாதே. இதை யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக் கணக்கில் அந்தக் கண்களும் கைகளும் செய்துவருவது இந்த ஒன்றைத்தான்.

உள்ளே ஆறு ராட்சத குக்கர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். கூழ் வெந்து, ஆவி முழுதும் அடங்கிய பிறகுதான் மூடியைத் திருகித் திறக்க வேண்டும். அடங்குமுன் திறந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் குக்கர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குக்கர் உங்கள் வீட்டுக் குக்கரைப்போல் முந்நூறு மடங்கு. அதனால் ஒவ்வொரு குக்கரின் கழுத்திலும் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு தகர வில்லை. வேகும்போது பச்சை வில்லை தொங்கும். ஆவி அடங்கியதும் பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டுவார்கள். தக்காளிக்கு என்ன சட்டமோ, குக்கருக்கும் அதே சட்டம். சிவப்பு என்றால் ஆயிற்று, திற. பச்சை என்றால் ஆகவில்லை, தொடாதே. எங்களிடம் நான்கு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவர் விரல்கூடச் சுட்டதில்லை.

அந்த வில்லைகளைச் செய்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எந்த வடிவமைப்புக் கூடத்திலும் படிக்காதவர். எந்த நான்காவது மாடிக்கும் ஏறாதவர். இரண்டாவது குக்கரில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்த ஒரு பெண். நாங்கள் எல்லாரும் 'ரெண்டாம் நம்பர் அக்கா' என்போம். பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வாசல் கேட்டுக்கு அடித்த வண்ணத்தில் மீந்ததைப் பூசி, பன்னிரண்டு வில்லை செய்து மாட்டினார். செய்வதற்கு முன் ஆறு குக்கரிலும் நின்றவர்களைப் போய்க் கேட்டார்: "எந்த நெறம் வெச்சா உனக்குச் சட்டுனு புரியும்?" ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அறிஞர்களே, பண்பாட்டை உள்ளடக்கிய காட்சிப்படுத்தல் என்று நீங்கள் மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிறீர்களே, அது அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள் தலைவரே. கேட்டது. நான்கு நிமிடம் ஆகிவிட்டதாம். என்ன அதிசயம், பயன் உள்ள பேச்சு தொடங்கும்போதுதான் நேரம் முடிகிறது.

பிறகு பலகை வந்தது. ஆறு குக்கருக்கு ஆறு வட்டம். அழகான திரை, அதை மறுக்கமாட்டேன். உள்ளே அழுத்தம் இருந்தால் வட்டம் சிவப்பு. அழுத்தம் அடங்கினால் வட்டம் பச்சை. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பாதுகாப்பு. உலகப் பொது அல்லவா? சாலைச் சந்திப்பின் விளக்கில் அப்படித்தான் அல்லவா? மூலையில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் ஒரு விளக்கம் வேறு. விளக்கம் இருந்ததே என்பார்கள். இருந்தது. எறும்புக்குப் புரிந்திருக்கும்.

பயிற்சியும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் பொய்யனாவேன். இருபது நிமிடம், முப்பது படங்கள். விருது பெறும் தம்பி, நீங்கள்தான் வந்து பேசினீர்கள். பின்னால் இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முடிவில், "புரிஞ்சுதா?" என்றீர்கள். "புரிஞ்சுது சார்" என்று நூறு குரல் வந்தது. நீங்களும் மகிழ்ந்து கிளம்பினீர்கள். புரியவில்லை என்று உங்களிடம் சொன்னால் இன்னும் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் மாலைப் பேருந்து போய்விடும். வீட்டில் உலை வைக்க வேண்டும், பிள்ளை காத்திருக்கும். அந்த நூறு குரலும் உங்கள் படத்துக்குச் சொன்ன பதில் அல்ல, பேருந்துக்குச் சொன்ன பதில்.

ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார். ரெண்டாம் நம்பர் அக்கா.

"தம்பி, நம்ம வில்லை இருக்கும்ல?"

"இருக்கும்கா. அது எங்க போகுது" என்றேன் நான்.

இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். இது நான் கொடுத்த வாக்கு.

பதினாறு நாள் போயிற்று. வில்லையும் இருந்தது, பலகையும் இருந்தது. எல்லாரும் வில்லையைப் பார்த்தே வேலை செய்தார்கள். பலகையை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? "பலகை நிறுவிய பதினாறு நாட்களில் ஒரு பிழையும் நிகழவில்லை." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இதற்கு ஈடாகாது. இங்கே காக்கை மரத்துக்கே வரவில்லை. பழத்துக்கு மட்டும் உரிமை கொண்டாடினீர்கள்.

பதினேழாவது நாள் காலையில் உங்கள் புகைப்படக்காரர் வந்தார். இந்த விருதுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். பலகை பளபளவென்று இருக்கிறது, கீழே குக்கர் கழுத்தில் துருப்பிடித்த தகரம் தொங்குகிறது, படம் கெடுகிறது என்றார். கழற்றச் சொல்லி மேலாளர் உத்தரவு. கழற்றினார்கள். யார் கழற்றினார்கள்? ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆறு கொக்கியிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, வாளியில் போட்டவர் யார்? பாதுகாப்பு மேற்பார்வையாளர். உங்கள் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருக்கும் இந்த மைக்கு. இதுவரை உங்களை இகழ்ந்தேன் அல்லவா? அந்த இகழ்ச்சியில் பெரும்பங்கு எனக்குச் சேர வேண்டியது. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்து செய்தேன்.

படம் எடுத்து முடித்தார்கள். அருமையான படம், அழைப்பிதழின் அட்டையில் அதுதான் இருக்கிறது. வில்லைகளைத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். "இனி எதுக்கு? அதான் பலகை இருக்கே" என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன். வாளியைப் படிக்கட்டின் அடியில் வைத்தேன்.

பதினொரு மணி பத்து நிமிடம். அக்கா இரண்டாவது குக்கருக்கு வந்தார். கொக்கியைப் பார்த்தார், வில்லை இல்லை. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். இரண்டாவது வட்டம் சிவப்பு. பயிற்சியில் சொன்னது காதில் இருபது நிமிடம் விழுந்தது. கண்ணும் கையும் இருபத்தாறு ஆண்டுகள் படித்தது வேறு. சிவப்பு என்றால் ஆயிற்று, திற. அவர் மூடியைத் திருகினார்.

அதற்குமேல் நான் சொல்லமாட்டேன். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன், அதோடு போகட்டும்.

மணியை இருமுறை அடித்துவிட்டீர்கள் தலைவரே. ஐந்து நிமிடம் முடிந்தது. இப்போது நான் இறங்கட்டுமா? வேண்டாம் என்கிறார்கள் பின்னால் இருப்பவர்கள். நன்றி, தொடர்கிறேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். வலக்கை தோள்வரை கட்டு. கழுத்திலும் கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கூழ் வீணாப் போச்சா தம்பி?"

"அத விடுங்கக்கா. வலி எப்படி இருக்கு?"

"வலி கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. பலகையில செகப்புதானே இருந்துச்சு?"

"ஆமாக்கா. செகப்புதான்."

"அப்புறம் ஏன் தம்பி?"

நடுவர்களே, உங்கள் மதிப்பெண் தாளில் பதினொரு தலைப்புகள் இருக்கின்றன. எளிமைக்குப் பத்து, அழகுக்குப் பத்து, உலகப் பொதுமைக்குப் பதினைந்து. "அப்புறம் ஏன்?" என்ற கேள்விக்கு அதில் எத்தனை மதிப்பெண்? அன்று மருத்துவமனையில், கட்டிலின் விளிம்பில் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அழுதும் விட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். தேற்றிவிட்டு, வெந்த மேனியோடு படுத்துக்கொண்டே ஒரு யோசனையும் சொன்னார்:

"நெறத்தோட மல்லுக்கட்ட வேணாம்னு சொல்லு. மூடி போட்ட மாதிரி ஒரு படம், மூடி தெறந்த மாதிரி ஒரு படம். அது போதும். கைக்குழந்தைக்கும் புரியும்."

இதை அன்றே மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக என்னை அறைக்கு அழைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக எனக்கு அங்கே நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலி கொடுத்தால் எதற்கோ அடி போடுகிறார்கள் என்று பொருள். மேசையில் ஒரு விசாரணை அறிக்கை. நான்கே வரி. "பலகையின் நிறக்குறியீடு தெளிவாக இருந்தது. போதிய பயிற்சி அளிக்கப்பட்டது. வேறு குறைபாடு எதுவும் இல்லை. பணியாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." கீழே சாட்சியாக என் பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை அள்ளிப் பரப்ப என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

முன்வரிசையில் ஏன் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிறீர்கள்? அப்படித்தான் போட்டேன். எனக்கு வேலை வேண்டும், மகள் படிக்கிறாள், வீட்டுக்குப் பின்சுவர் எழுப்ப வேண்டும். கோழைக்கு ஆயிரம் காரணம். அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க மேடையில பேசினா ஊரே கை தட்டுது. இனிமே அந்தக்காவால தட்ட முடியுமா?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என்னோடு தேவைக்குமேல் பேசவில்லை. அந்த அறிக்கையின்படி அக்காவைக் கவனக்குறைவுக்காக வேலையைவிட்டு நீக்குவதா என்று வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு முடிவு செய்யும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். ஆறு குக்கரையும் அதில் நின்ற அத்தனை பேரையும் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்தவர் கவனமில்லாதவராம். வில்லையை வாளியில் போட்டவன் பாதுகாப்பு அதிகாரியாம். சாலை விளக்கைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்து நட்டவருக்கு விருதாம்.

பொறுங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. காலையில் நீங்கள் தேநீர் குடித்தீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

தேநீர் எங்கள் ஆலையின் ஏற்பாடு. மேசையில் குழாய் வைத்த பெரிய பாத்திரங்கள் இரண்டு. ஒன்றில் சிவப்பு அட்டை, ஒன்றில் பச்சை அட்டை. எங்கள் வழக்கப்படி ஒட்டியவை. சிவப்பில் தயாரான தேநீர். பச்சையில் தூள் போடாத வெறும் வெந்நீர். நான் ஓரமாக நின்று எண்ணினேன். அறுபத்து மூன்று பேர் வந்தீர்கள். அறுபத்திரண்டு பேர் நேராகப் பச்சைக்குப் போனீர்கள். விருது பெறும் தம்பி முதல் ஆளாகப் போனார். எங்கள் மேலாளரும் பச்சைக்குத்தான் போனார். சொந்த ஆலையின் அடுப்படிக்கு ஒருநாள் வந்திருந்தாலும் தப்பித்திருப்பார். மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி இரண்டு முறை சொன்னார்: "செகப்புல பிடிங்க, அதுலதான் டீ." கேட்டீர்களா? "தெரியும்மா, தெரியும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு நம் தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, வெறும் வெந்நீரா இருக்கு? இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா?"

தலைவர் அவர்களே, எழுதித்தான் வைத்திருந்தோம். மேசைத்துணியின் மூலையில், பொடி எழுத்தில் இருக்கிறது. இடைவேளையில் குனிந்து பாருங்கள். இப்போது இந்தச் சபையைக் கேட்கிறேன்: அறுபத்திரண்டு பேரும் கவனக்குறைவானவர்களா? நிறக்குறியீடு தெளிவாகத்தானே இருந்தது? விளக்கம் எழுதித்தானே இருந்தது? உங்கள் எல்லாரையும் வேலையைவிட்டு நீக்கிவிடலாமா? கோபம் வருகிறது அல்லவா? "எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களைக் கேட்டீர்களா?" என்று நாக்கு நுனிவரை வருகிறது அல்லவா? வரட்டும். இரண்டு மாதமாக அக்காவின் நாக்கு நுனியில் நிற்பதும் அதேதான். நீங்கள் இழந்தது ஒரு குவளைத் தேநீர். அவர் இழந்தது வலக்கையின் இயக்கம். உங்களுக்குச் சொல்ல ஒருவர் நின்றார். அவருக்குச் சொல்ல ஒரு வில்லை இருந்தது, அதை நான் எடுத்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல நின்றவர் யார் என்று கவனித்தீர்களா? வலக்கையைத் துணிச்சுற்றில் வைத்துக்கொண்டு, இடக்கையால் குவளை நீட்டினாரே, அவர்தான் ரெண்டாம் நம்பர் அக்கா. அக்கா, ஒளிய வேண்டாம், அங்கேயே நில்லுங்கள்.

சரி, அறுபத்து மூன்றாவது ஆள் என்ன ஆனார்? ஒருவர் மட்டும் சூடாகத் தேநீர் குடித்தார். அவர் பட்டம் பெற்றவர் அல்ல, இந்தப் பேரவையின் உறுப்பினரும் அல்ல. விருது பெறும் தம்பியின் அம்மா. மேசைக்கு வந்ததும் எந்த அட்டையையும் அவர் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார். "எதுலம்மா டீ இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். நீங்கள் நூல் நூலாக எழுதுகிற சங்கதி அந்த மூன்று சொல்தான் ஐயா. பார்க்கப்போகிறவரைக் கேள். வரைவதற்கு முன் கேள். வரைந்தபின் மறுபடி கேள். "புரிஞ்சுதா" என்று கேட்காதே, "எப்படிப் புரிஞ்சுது" என்று கேள். தம்பி, இந்தக் கலைக்கு நீங்கள் எங்கும் போய்ப் பயில வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது.

மேலாளர் ஐயா எழுந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன் இதை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று படி எடுத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று விசாரணைக் குழுவுக்கு, ஒன்று இந்தப் பேரவைக்கு. படித்துவிடுகிறேன், நான்கு வரிதான்: "நிறக்குறியீடு தெளிவாக இருந்தது என்று நான் சாட்சிக் கையெழுத்திட்டது பொய். வில்லைகளைக் கழற்றியது நான், பலகையின் படத்துக்காக. அவை இருக்கும் என்று பணியாளருக்கு வாக்குக் கொடுத்ததும் நான். விபத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு அல்ல, எங்களுடையது." கீழே என் கையெழுத்து. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. இன்று மாலை வீட்டில் பேச்சு இருக்கும், அது போதும்.

தம்பி, நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? என்ன, விருது வேண்டாம் என்கிறீர்களா? உட்காருங்கள். அதை இங்கே வேண்டாம் என்பது எளிது. நாலு பேர் பாராட்டுவார்கள், நாளை செய்தியில்கூட வரும். உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. உங்கள் வயதில் நானும் என் குரலை நானே கேட்டு மயங்கித் திரிந்தவன்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த விசாரணை அறைக்கு வந்து எழுந்து நில்லுங்கள். "யாரையும் கேட்காமல் வரைந்தேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். வருவீர்களா? தலையாட்டுகிறார். அம்மா, நீங்கள் சாட்சி, அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இந்தப் பூங்கொத்து இன்னும் என் கையில் இருக்கிறது. இது சிறந்த தரவுப் பலகையைச் செய்தவருக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிஸ்கட் டப்பா மூடியில் வெட்டிய பன்னிரண்டு வில்லைகள்தான் அந்தப் பலகை. இறங்கியதும் நேரே தேநீர் மேசைக்குப் போகிறேன்.

ஐந்து நிமிடம் தந்து, இருபது நிமிடம் பொறுத்த தலைவர் அவர்களுக்கும், அவர் அடித்தும் உடையாத மணிக்கும், வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்ட உங்களுக்கும், கடைசிவரை நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. இடைவேளை விடப்போகிறார்கள். தேநீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எதில் இருக்கிறது என்று அக்காவைக் கேளுங்கள். வணக்கம்.